புரளாமல் வாங்கிய மார்க்

காலையில் கண்ணைத் திறந்ததும் எனக்கு மார்க் வந்துவிடுகிறது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புப் பட்டை இரவெல்லாம் என்னைக் கவனித்து, தலைமாட்டில் கிடக்கும் போனுக்குச் சேதி சொல்லிவிடும். போனைத் திறந்தால் தூக்கம் நூற்றுக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் நிற்கும். அதன் கீழே பச்சை நிறத்தில் ‘மீட்பு: மிக நன்று’ என்றிருக்கும். யார் தமிழ்ப்படுத்தினார்களோ தெரியவில்லை. எங்கள் பக்கம் கிணற்றில் விழுந்த மாட்டைத்தான் மீட்பார்கள். என்னை எதிலிருந்து மீட்டார்கள் என்று அந்த ஆளைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தைச் சுற்றியுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே வயதானவள் நான். வாங்கும் பக்கம் உட்கார்ந்தது இப்போதுதான். வந்ததெல்லாம் நல்ல மார்க். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அந்த இரவுகளில் நான் தூங்கவே இல்லை.

பட்டையைக் கொண்டுவந்தவள் என் மகள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். பாங்கில் வேலை. அவளுடைய கல்யாணம் முறிந்தபோது எல்லோரும் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்பார்கள் என்றால், அவள் குமுளிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இங்கிருந்து பொள்ளாச்சி போய், பழனி, தேனி, கம்பம் என்று ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் இருந்தால்தான் அவளைப் பார்க்க முடியும். ஓர் ஏலக்காய்க் கடைக்கு மேலே மாடியில் தனியாக இருக்கிறாள். ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் யாரும் விசாரிக்காத ஊர் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் அப்பாவின் முதல் வருடத் திதிக்கு வந்தபோது பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ அழுத்தினாள். இனிமேல் என் நடையும் நெஞ்சுத் துடிப்பும் தூக்கமும் அவள் போனில் தெரியுமாம். அவளுடையது என் போனில் தெரியுமாம்.

“இனிமே நல்லாருக்கேன்னு நீ பொய் சொல்ல முடியாதும்மா,” என்றாள்.

“உனக்கும் அதேதான் கண்ணு,” என்றேன். இருவரும் சிரித்தோம்.

என் கையில் அதற்கு முன் ஒரு வருடமாக ஒன்றுமே கிடையாது. புருஷன் போனால் வளையலை உடைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களில் மைக் பிடித்துக் காட்டமாகப் பேசியவள் நான். அவர் போன அன்று பெண்கள் கூடுவதற்கு முன்பே குளியலறைக்குள் போய், சோப்பைக் குழைத்துப் போட்டு, கண்ணாடி வளையல் அத்தனையையும் நானே கழற்றி வைத்துவிட்டேன். என் கையை யாரும் பிடிக்கக் கூடாது என்ற திமிர். பிடிக்கவும் இல்லை. ஆனால் வெளியே வந்தது வெறுங்கைதான்.

அதனால் பட்டையைக் கட்டிக்கொண்ட முதல் நாள் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தேன். பக்கத்து வீடு என் வீட்டுக்காரரின் அக்கா வீடு. வழக்கம், முறை என்றால் ஒரு அங்குலம் இறங்கி வராதவர். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“ஏனம்மிணி, கையில அதென்னது மினுங்குது?”

“நாடி பாக்கற மிசினுங்க. பாப்பா வாங்கியாந்தா.”

வெகுநேரம் பார்த்தார். சொல்வதற்குப் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். “போட்டுக்க. வெறுங்கையா இருக்கறதுக்கு என்னமோ ஒண்ணு இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தயாராக வைத்திருந்த சண்டை எல்லாம் வீணாய்ப் போனது. அன்றைக்குத் தொட்டி நிறைந்து வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டு மாடுகள். கையால்தான் கறக்கிறேன். கறக்கும்போது மணிக்கட்டு ஆடுவதை எல்லாம் பட்டை நடையென்று எடுத்துக்கொண்டது. முக்காலியில் உட்கார்ந்தபடியே நான் தினமும் பாதி தூரம் பொள்ளாச்சிக்கு நடந்தேன். உண்மையிலேயே பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தால், கை ஆடவில்லை என்பதால் அது கணக்கிலேயே வரவில்லை. சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், விர்ரென்று அதிர்ந்து ‘எழுந்து நடங்கள்’ என்றது. என் மாமியார்கூட என்னை இப்படி விரட்டியதில்லை.

ஒரு சாயங்காலம் அது அப்படி அதிர்ந்தபோது, அன்று காலையிலிருந்து என்னைத் தொட்டது இது ஒன்றுதான் என்று உறைத்தது. சொசைட்டியில் பாலை ஊற்றிக்கொண்டு சீட்டைக் கல் மேடையில் வைத்துவிடுவார்கள். மளிகைக்கடையில் பையை நீட்டினால் பையைத்தான் வாங்குவார்கள். நேற்றும் யாரும் தொடவில்லை, முந்தாநாளும் தொடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தொழுவத்துக்குப் போய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அதுவும் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டது.

பட்டை வருவதற்கு முன்பு மகள் தினமும் காலையில் கூப்பிடுவாள். வீட்டிலிருந்து பாங்குக்கு நடந்து போகும் நேரம். பின்னால் ஜீப்புகள் உறுமும், கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவார்கள், கம்பத்துக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்கும். அவளுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தூங்கினயாம்மா? நான் ஏதாவது சொல்லுவேன். பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொய்யை அவள் நம்பாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்பாள். அதற்குள் பாங்கு வந்துவிடும். அந்தச் சின்ன நடைதூரம்தான் எனக்கு அன்றைய நாள்.

பட்டை வந்த பிறகு அவள் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. போனைப் பார்த்தாலே தெரிகிறதே. ஆரம்பத்தில் கூப்பிட்டு, “சூப்பர்மா, நல்லாத் தூங்கிருக்க,” என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி. பிறகு கூப்பிடுவதற்குப் பதிலாக அதையே எழுதி அனுப்பினாள். அப்புறம் எழுத்தும் போய், மஞ்சள் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது. காலையில் ஒரு கட்டைவிரல். பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் செய்தேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அங்கேயும் பச்சை, அங்கேயும் மிக நன்று. குழந்தை நன்றாகத் தூங்குகிறாள், மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவேன். வகுப்பிலும் எனக்கு இதே பழக்கம்தான் இருந்தது. மார்க் குறைந்த பிள்ளையைக் கூப்பிட்டு என்னாச்சு என்று கேட்போம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை யார் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்?

நான் தூங்காமலே எப்படி நல்ல மார்க் வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கடைசி இரண்டு வருடம் மூச்சிரைப்பு. நீட்டிப் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கண்ணயர்வார். அதுவும் கோழித் தூக்கம். பஞ்சாயத்திலிருந்து படுக்கை நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ், இவருக்கு மருந்தைவிடத் தூக்கம் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே படுப்பேன். புரண்டால் கை வளையல் கலகலக்கும். உடனே அவர் கண் திறந்துவிடும். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ள மாட்டார். மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி விடியும்வரை கிடப்பார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ராத்திரியில் மட்டும் வளையலைக் கழற்றி வைத்தால் என்ன என்று அவருடைய அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் முகம் வெளுத்துப் போனது. புருஷன் இப்படிக் கிடக்கையில் வெறுங்கையோடு பக்கத்தில் படுப்பாயா என்றார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று கழற்றவில்லை. நம்பிக்கை இல்லாதவளுக்கும் பயம் இருக்கும். வளையல்களின் மேல் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன், நடுவில் நழுவிவிட்டது. ஒரு ராத்திரி ஒரு வளையல் உடைந்தே போனது. அந்தச் சத்தத்துக்கு அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நான் துண்டையும் விட்டேன், புரள்வதையும் விட்டேன். இடது பக்கமாக ஒருக்களித்து, கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, விடியும்வரை அப்படியே கிடப்பேன். மூச்சைக்கூட இழுத்து, மெதுவாக விடுவேன்.

அவர் போனார், வளையலும் போனது. அந்தப் படுக்கை மட்டும் உடம்போடு தங்கிவிட்டது. அகலக் கட்டிலில் தனியாகக் கிடக்கிறேன். இருந்தும் ஓர் ஓரமாக ஒதுங்கி, அசையாமல், மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, ஓட்டின் மேல் காற்று போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டைக்கு என்ன தெரியும்? அசையவில்லை, துடிப்பு நிதானமாக இருக்கிறது, ஆகவே நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதிக்கொள்கிறது.

ஒருமுறை ஆத்திரத்தில் ஒரு யோசனை வந்தது. இரண்டு நாள் நன்றாகப் புரண்டு படுத்தால் மார்க் இறங்கிவிடும், மகள் பயந்துபோய்க் கூப்பிடுவாள். வேண்டுமென்றே அன்று வலது பக்கம் திரும்பப் பார்த்தேன். பாதியில் உடம்பு நின்றுவிட்டது. யாரும் இல்லாத பக்கத்தில் யாரோ விழித்துக்கொள்வார்கள் என்று பயந்து நின்றது. அழுகை வந்தது. அழுதுகொண்டும் அசையாமல்தான் கிடந்தேன். மறுநாளும் கட்டைவிரல் வந்தது.

அவளிடம் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்பாள், அல்லது நீ இங்கே வந்துவிடு என்பாள். கஷ்டப்பட்டு ஒரு ஊரில் காலூன்றி நிற்கிற பிள்ளையின் காலை நான் ஏன் இழுக்க வேண்டும்? அதனால் மாட்டைப் பற்றியும் தேங்காய் போடுகிற ஆள் வராததைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். நான் தூங்கவில்லை என்பது உலகத்தில் ஒருத்திக்காவது தெரிய வேண்டும் என்று இருந்தது. அந்த ஒருத்திக்கு மட்டும் தெரியக் கூடாது என்றும் இருந்தது.

இந்த ஓணத்துக்கு அவளுக்குத் தொடர்ந்தாற்போல லீவு கிடைத்தது. வந்தாள். மெலிந்திருந்தாள். குமுளியில் ஓயாத மழை, துணி காய்வதே இல்லை என்றாள். அவள் பையைத் திறந்ததும் வீடெல்லாம் ஏலக்காய் மணத்தது. கட்டிய புடவை, போன் உறை, எல்லாவற்றிலும் அந்த மணம்தான். ராத்திரி அவளுடைய அறையில் படுக்கை விரிக்கப் போனேன். இங்கேயே படுக்கிறேன் என்று அவள் அப்பா படுத்திருந்த பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

சின்ன வயதில் அவளோடு படுப்பது ஒரு தண்டனை. கிழக்கே தலை வைத்துப் படுத்தவள் விடியும்போது மேற்கே கிடப்பாள். நடுவில் எங்கள் இருவருக்கும் விலாவிலும் வயிற்றிலும் உதை விழும். கன்றுக்குட்டியைக் கட்டிலில் கட்டியிருக்கிறோம் என்பார் அவர். கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதும் அப்படித்தான், போர்வை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அந்த உதையை எதிர்பார்த்துத்தான் அன்று நான் படுத்தேன். அது வரவேயில்லை. அவள் ஒருக்களித்து, கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கட்டிலின் ஓரமாக, சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். நானும் இந்தப் பக்கம் அதேபோலக் கிடந்தேன்.

காலையில் நான் காபியோடு வந்தபோது அவள் சமையலறைப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கு இரண்டு பேருக்குமே நல்ல மார்க் அம்மா, உன்னைவிட எனக்கு ஒன்று கூட என்று காட்டினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ ராத்திரி தூங்கல கண்ணு,” என்றேன்.

அவள் போனை நீட்டினாள். நான் அதைப் பார்க்கவில்லை.

“தூங்கிருந்தா என்னைய ஒதைச்சிருப்ப. ஒரு ஒதகூட உழுகல.”

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். தொழுவத்தில் மாடு கூப்பிட்டது. இரண்டு பேரும் எழவில்லை.

“அந்த வீட்ல அவரோட இருந்தப்பப் புரண்டா, என்ன யோசனை, யார நெனச்சிட்டிருக்கன்னு கேப்பாரும்மா. பதில் சொல்லி மாளாது. அதனால தூங்கற மாதிரியே படுத்துக்குவேன்,” என்றாள். “இப்பக் கேக்கறதுக்கு ஆளில்ல. ஆனாலும் புரள வரமாட்டேங்குது.”

இத்தனை நாள் நான் காபியோடு பார்த்து நிம்மதியடைந்த பச்சை நிறமெல்லாம் என் கண்முன்னே வந்தது. எங்களுக்கு இடையில் மலையும் காடும் ஒரு பகல் பஸ் பயணமும் இருந்தன. இரண்டு முனையிலும் இரண்டு பேர் அசையாமல் கிடந்து, ஒருவருக்கொருவர் நல்ல மார்க் அனுப்பிக்கொண்டிருந்தோம். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“நீயும்தான தூங்கல?” என்றாள் அவள்.

ஆமாம் என்றேன். வளையல் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. உடைந்த வளையல்வரை வந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, பட்டையின் கொக்கியை விடுவித்துக் கழற்றினாள். தோலில் வெளுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தபடியே மீதிக் கதையைக் கேட்டாள்.

அன்று மத்தியானம் பப்படம், பாயசம் என்று வயிறு கனக்கச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பட்டையையும் சார்ஜில் போட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்தோம். பேசிக்கொண்டே இருந்தவளின் பேச்சு நடுவில் அறுந்தது. கொஞ்சநேரத்தில் என் இடுப்பில் ஒரு உதை விழுந்தது. நல்ல உதை, வலித்தது. வலியில் என்னையறியாமல் வலது பக்கம் புரண்டுவிட்டேன். புரண்ட பிறகுதான் உறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் விழிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு, தலையணையை விட்டு நழுவித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் புரண்டாலும் பக்கத்தில் இருப்பவர் தூங்க முடியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

லீவு முடிந்து அவள் போனாள். பொள்ளாச்சிவரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, பட்டையை நான் கழற்றிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கட்டிக்கொள், ஆனால் புரண்டு படு, தூக்கம் வராவிட்டால் வராதவளாகப் படு, நானும் அப்படியே படுக்கிறேன் என்றேன். திரும்பி வந்தபோது வீடு நான் விட்டுப்போனபடியே இருந்தது. சொம்பு வைத்த இடத்தில் இருந்தது. தலையணையில் ஏலக்காய் மணம் இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் போய்விட்டது. தனிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆள் வந்து போன வீட்டில் அது இன்னும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

ராத்திரியில் புரண்டு பழகுகிறேன். இந்த வயதில் நடை பழகுவதுபோலத்தான் இருக்கிறது. புரளும்போது நடுவில் கை தானாக நின்று, சத்தம் வருகிறதா என்று பார்க்கிறது. சத்தம் எங்கிருந்து வரும்? பிறகு மெதுவாகத் திரும்பிக்கொள்கிறேன். சில சமயம் கட்டிலின் நடுவுக்கே வந்துவிடுகிறேன்.

என் மார்க் விழுந்துவிட்டது. பச்சை போய்ச் சிவப்பு வந்துவிட்டது. ‘மீட்பு: போதாது’ என்கிறது போன். மகளுடைய பக்கத்திலும் சிவப்புதான். காலையில் நான் மாட்டைக் கறந்துவிட்டுக் கை கழுவும் நேரத்துக்கு அவள் கூப்பிடுகிறாள். பின்னால் ஜீப் உறுமுகிறது, ஷட்டர் ஏறுகிறது.

“நேத்தும் தூங்கலயாம்மா?”

“இல்ல கண்ணு. நீ?”

“நானும் தூங்கல.”

அதற்குமேல் இரண்டு பேருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் பாங்கு வாசலுக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்போம்.